புது மின்சாரக் கார்: வீட்டில் பாதுகாப்பாகச் சார்ஜ் போடுவது எப்படி

மின்சாரக் கார் வாங்குபவர்கள் அதிகம் கவலைப்படுவது பேட்டரியைப் பற்றி. அந்தப் பேட்டரியைக் கவனிக்க காருக்குள்ளேயே ஒரு கணினி இருக்கிறது. ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பேட்டரியின் வெப்பத்தையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது தவறினால் சார்ஜைத் தானே நிறுத்திவிடும். சுவரில் உள்ள சாக்கெட்டுக்கும் அதன் பின்னால் ஓடும் ஒயருக்கும் எர்த்துக்கும் அந்த அளவு கண்காணிப்பு கிடையாது. வீட்டில் சார்ஜ் போடும்போது பிளக் உருகுவதும் சாக்கெட் கருகுவதும் அங்கேதான் தொடங்குகின்றன. அதனால் கார் டெலிவரி ஆவதற்கு முன்பே சார்ஜ் போடும் இடத்தைத் தயார் செய்துவிடுங்கள்.

இங்கே வரும் கணக்குகள் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் இணைப்புக்கானவை.

போர்ட்டபிள் சார்ஜர் என்ன செய்கிறது

ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றிப் பேட்டரிக்குள் ஏற்றும் வேலை காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜரில் நடக்கிறது. போர்ட்டபிள் கேபிளின் நடுவில் உள்ள பெட்டி மின்சாரத்தை மாற்றுவதில்லை. எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது, மின்கசிவு வந்தால் துண்டிப்பது, எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்று காருக்குச் சொல்வது, இவைதான் அதன் வேலை. தரமான பெட்டிகள் பிளக்கின் வெப்பத்தையும் அளக்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் ‘டக்’ என்று மூடி மின்சாரத்தை விடும். அதுவரை, காரில் செருகும் கைப்பிடியான சார்ஜிங் கன்னின் மின் பின்களில் 230 வோல்ட் வராது.

பெட்டியும் காரும் பேசிக்கொள்வது கன்னில் உள்ள கன்ட்ரோல் பைலட் என்ற சிறிய பின் வழியாக. கார் இணைக்கப்படாதபோது அதில் 12 வோல்ட் இருக்கும். கன்னைச் செருகியதும் கார் அதை 9 வோல்ட்டாக இறக்கும். சார்ஜுக்குத் தயாரானதும் 6 வோல்ட்டாக்கும், அப்போது ரிலே மூடும். ஆம்பியர் அளவு அதே ஒயரில் ஓடும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் இருக்கிறது. அலை எத்தனை சதவீத நேரம் ‘ஆன்’ நிலையில் இருக்கிறதோ, அதை 0.6-ஆல் பெருக்கினால் ஆம்பியர். 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 26.7 சதவீதம் என்றால் 16 ஆம்பியர். 6 ஆம்பியருக்குக் கீழே இந்த முறையில் சொல்ல வழியில்லை. அதனால்தான் போர்ட்டபிள் சார்ஜர்களில் 6 ஆம்பியருக்குக் கீழே செட்டிங் இருப்பதில்லை.

கார் கேட்பது பெட்டி சொல்வதை மட்டும். சுவருக்குள் ஓடும் ஒயர் எவ்வளவு தடிமன் என்பது பெட்டிக்குத் தெரியாது. 16 ஆம்பியர் என்று செட் செய்து மெல்லிய ஒயர் போட்ட பழைய சாக்கெட்டில் செருகினாலும், பெட்டி 16 என்றே சொல்லும், காரும் மணிக்கணக்கில் 16 ஆம்பியர் இழுக்கும். வாட்டர் ஹீட்டரும் இதே அளவு இழுக்கும்தான், ஆனால் பத்து இருபது நிமிடத்தில் நின்றுவிடும். காரோ இரவு முழுக்க இழுக்கும். பல வருடம் பிரச்சினை தராத சாக்கெட் காருக்கு ஒரே வாரத்தில் கருகுவதற்குக் காரணம் இந்தத் தொடர் சுமைதான்.

தனி லைன் போடுவது

காருக்கான சாக்கெட்டுக்கு மெயின் போர்டிலிருந்து நேராகத் தனி லைன் வர வேண்டும். வழியில் வேறு சாக்கெட், லைட், மோட்டார் எதுவும் சேரக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள்:

15 அல்லது 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 சதுர மி.மீ. செப்பு ஒயர், ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும். 2.5 சதுர மி.மீ. போதும் என்று சொல்பவர்கள் உண்டு. குறுகிய தூரத்துக்கு, காற்றோட்டமான குழாயில், 10 ஆம்பியருக்கு அது தாங்கும். 25 மீட்டர் தள்ளி இருக்கும் பார்க்கிங்குக்கு, வெயில் படும் சுவரில், 15 ஆம்பியருக்கு அது போதாது. 2.5 சதுர மி.மீ. ஒயரில் 25 மீட்டர் போய் வரும்போது எதிர்ப்பு சுமார் 0.37 ஓம், 15 ஆம்பியரில் 5.5 வோல்ட் இழப்பு. 4 சதுர மி.மீ. என்றால் அது 3.5 வோல்ட்டாகக் குறையும். இழக்கும் வோல்ட் முழுக்கச் சுவருக்குள் வெப்பமாக மாறுகிறது. பின்னால் சுவரில் பொருத்தும் 32 ஆம்பியர் வால்பாக்ஸ் சார்ஜர் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 சதுர மி.மீ. இழுத்துவிடுவது நல்லது. சுவரை இரண்டு தடவை உடைக்க வேண்டியிருக்காது.

எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) 20 ஆம்பியர், ‘சி’ வகை. 16 ஆம்பியர் எம்சிபியில் தொடர்ந்து 15, 16 ஆம்பியர் ஓடினால் கோடையில் அடிக்கடி டிரிப் ஆகும். வீட்டு எம்சிபியின் அளவு 30 டிகிரி செல்சியஸில் நிர்ணயிக்கப்பட்டது. போர்டுக்குள் 45 டிகிரி இருந்தால் அதன் தாங்கும் அளவு குறைந்துவிடும். 20 ஆம்பியர் எம்சிபி போட வேண்டுமென்றால் ஒயரும் அதற்கேற்ற தடிமனில் இருக்க வேண்டும். எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது ஒயரைக் காவு கொடுப்பதற்குச் சமம்.

மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக இந்த லைனுக்கே வேண்டும். அதில் ‘ஏசி’ வகை வேண்டாம், ‘ஏ’ வகையாக இருக்கட்டும். காருக்குள் ஆன்போர்டு சார்ஜர் பழுதானால் எர்த்துக்குச் சீரான டிசி கசியலாம். அந்த டிசி, ஆர்சிசிபியின் உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தைச் செறிவுறச் செய்துவிடும். அதன் பிறகு உண்மையான ஏசி கசிவு வந்தாலும் ‘ஏசி’ வகைக்கு அது தெரியாமல் போகலாம். ‘ஏ’ வகை 6 மில்லி ஆம்பியர் வரை டிசியைத் தாங்கி வேலை செய்யும். அதற்கு மேல் போனால் துண்டிக்கும் வேலையை ஐ.இ.சி. 62752 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள போர்ட்டபிள் பெட்டி செய்கிறது. பெட்டியில் அந்த வசதி இல்லையென்றால் விலை கூடிய ‘பி’ வகைதான் சரி.

சாக்கெட்டை வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே பிளக் பின்னைப் பிடிக்கும் தகடுகள் தடித்த பித்தளையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். பிளக் எளிதாக வழுக்கி வந்தால் அந்த சாக்கெட் காருக்கு ஆகாது. வெளியில் என்றால் மூடியுள்ள, நீர்த் தெறிப்பைத் தாங்கும் ஐபி44 அல்லது அதற்கு மேற்பட்ட வகை, பிளக் செருகிய நிலையிலும் மூடி மூடுவதாக இருக்க வேண்டும். 16 ஆம்பியர் நீல நிறத் தொழிற்சாலை சாக்கெட்டும் பிளக்கும் (ஐ.இ.சி. 60309) பொருந்தும் சார்ஜர் கிடைத்தால், அதையே தேர்ந்தெடுங்கள். தொடர் சுமைக்காகவே செய்யப்பட்டது அது.

ஒயரை சாக்கெட்டில் பூட்டும் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வேலை முழுவதிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். முறுக்கப்பட்ட பல இழை ஒயரை அப்படியே ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்தால் சில இழைகள் நசுங்கும், சில வெளியே நிற்கும். முனையில் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) அடித்துப் பூட்டச் சொல்லுங்கள். இரவில் சூடாவதும் பகலில் குளிர்வதுமாக இருப்பதால் செம்பு சற்றே நெகிழும், ஸ்க்ரூ லூஸாகும். முதல் மாதம் முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு ஒரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

லூஸ் கனெக்‌ஷன் எவ்வளவு கெடுதல் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். தொடர்பு எதிர்ப்பு வெறும் 0.1 ஓம் இருக்கட்டும். 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22.5 வாட் வெப்பம் உருவாகிறது. ஒரு சிறிய சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் வைத்து இரவு முழுக்க ஆன் செய்ததுபோல. எம்சிபியும் ஆர்சிசிபியும் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஓடும் மின்னோட்டம் சரியான அளவில்தான் இருக்கிறது. அதே சாக்கெட்டில் 10 ஆம்பியராகக் குறைத்தால் வெப்பம் 10 வாட்டாக இறங்கிவிடும். மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் வெப்பம் பாதிக்கும் கீழே வருகிறது. சந்தேகமான இடத்தில் ஆம்பியரைக் குறைப்பதைவிட நல்ல மருந்து இல்லை.

எர்த்

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டினால் எர்த் சரி என்று பலர் முடித்துவிடுகிறார்கள். மீட்டர் இழுப்பது மிகமிகச் சிறிய மின்னோட்டம். துருப்பிடித்த ஒற்றை இழை வழியாகக்கூட அது 230 காட்டும். எர்த் உண்மையில் தாங்குமா என்று அறிய லூப் டெஸ்டரோ எர்த் டெஸ்டரோ உள்ளவரை வரவழைத்து அளக்க வேண்டும்.

மண்ணில் புதைத்த எர்த் கம்பியை நம்பும் வீடுகளில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எர்த் எதிர்ப்பு 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் காரின் உடலைத் தொட்டால் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 20 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையாது. காரின் உடலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். “எம்சிபிதான் இருக்கிறதே” என்பது இங்கே பதிலாகாது.

எர்த் சரியில்லாதபோது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறாது. அப்போது சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து விளக்கைப் பச்சையாக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், எரியும் பல்பு, ஓடும் ஃபேன் வழியாக ஃபேஸ் மின்சாரம் திரும்பி வந்து அந்தத் துண்டு ஒயர் மூலம் காரின் முழு உடலுக்கும் ஏறும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுபவருக்கு அது உயிராபத்து. எர்த் பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டர் போடுவதும் இதே வகைதான்.

சார்ஜர் வாங்கும்போது தரச் சான்றைப் படிப்பது

காருடன் வந்த கேபிள் காருக்கான சோதனைகளோடு சேர்ந்து வந்தது. தனியாக வாங்கும் கேபிளுக்கு அந்தப் பொறுப்பு உங்களுடையது. காருக்குக் கிடைத்த அங்கீகாரம் கடையில் வாங்கிய கேபிளைக் காக்காது.

முதலில் பெட்டியின் பின்புறம் உள்ள தகட்டைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், வோல்டேஜ், அதிகபட்ச ஆம்பியர், ஐபி எண், எந்த வெப்பநிலை வரை வேலை செய்யும், எந்தத் தரத்தின்படி செய்யப்பட்டது, எல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வெறும் ஸ்டிக்கரும் “7 கிலோவாட்” என்ற பெரிய எழுத்தும் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு சான்றிதழைக் கேளுங்கள். இங்கேதான் கண்கட்டு வித்தை நடக்கும். போர்ட்டபிள் பெட்டிக்கான தரம் ஐ.இ.சி. 62752. ஐ.இ.சி. 62196 என்பது கன் மற்றும் பிளக் வடிவத்துக்கானது. ஐ.இ.சி. 61851 சார்ஜிங் முறைக்கான பொதுத் தரம், சுவரில் பொருத்தும் வால்பாக்ஸ்கள் சோதிக்கப்படுவது அதன்படிதான். கன்னுக்கு மட்டும் வாங்கிய 62196 சான்றைக் காட்டி முழுச் சார்ஜரும் சோதிக்கப்பட்டது என்பார்கள். ரேடியோ இடையூறு சோதனைச் சான்றைக் காட்டி அதையே பாதுகாப்புச் சான்று என்பவர்களும் உண்டு. சான்றில் உள்ள மாடல் எண்ணும் ஆம்பியர் அளவும் பெட்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 16 ஆம்பியர் மாடலுக்கு வாங்கிய சான்று 32 ஆம்பியர் மாடலுக்குச் செல்லாது. ‘சிஇ’ முத்திரையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மின்சாதனங்களில் அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்வது.

32 ஆம்பியர் போர்ட்டபிள் பெட்டியுடன் வீட்டு சாக்கெட்டுக்கான மாற்றுப் பிளக் கொடுப்பார்கள். நல்ல தயாரிப்பு அந்தப் பிளக்கை அடையாளம் கண்டு தானாகவே 10 அல்லது 13 ஆம்பியருக்குக் குறைத்துக்கொள்ளும். மலிவானது குறைக்காது, பட்டனை அழுத்தினால் வீட்டுப் பிளக் வழியாகவே 32 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பும் உண்டு. காரின் ஆன்போர்டு சார்ஜர் ஒற்றை ஃபேஸில் 3.3 கிலோவாட் மட்டும் ஏற்கும் என்றால், 7 கிலோவாட் பெட்டி வாங்கினாலும் 3.3-க்கு மேல் ஏறாது. முதலில் காரின் கையேட்டில் ஏசி சார்ஜிங் வேகத்தைப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? 40 கிலோவாட் மணி பேட்டரியை 20-லிருந்து 80 சதவீதம் ஏற்ற 24 யூனிட் உள்ளே போக வேண்டும். 10 ஆம்பியரில் 2.3 கிலோவாட் வரும். வழியில் சுமார் 12 சதவீதம் வெப்பமாகவும் காரின் கணினி, பம்ப் ஆகியவற்றுக்காகவும் போகிறது என்றால் பேட்டரிக்குச் சேர்வது 2 கிலோவாட், ஆக 12 மணி நேரம். 15 ஆம்பியரில் ஏறக்குறைய 8 மணி. 6 ஆம்பியரில் ஏற்றினால் இழப்பின் விகிதம் கூடும், ஏனென்றால் காரின் கணினியும் பம்பும் எடுக்கும் அளவு குறைவதில்லை, நேரம் மட்டும் நீள்கிறது. தினமும் 50, 60 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரவில் 10 ஆம்பியர் தாராளமாகப் போதும்.

தினசரி செய்யும் முறை

1. கன்னின் பின்களையும் காரின் சாக்கெட்டையும் ஒரு பார்வை பாருங்கள். கருமை, உருகல், மணல், தண்ணீர்த் துளி இருந்தால் செருக வேண்டாம்.
2. முதலில் சுவரில் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். பெட்டி தன்னைத்தானே சோதித்துப் பச்சை காட்டும் வரை காத்திருங்கள்.
3. பெட்டியைச் சுவரில் கொக்கியில் மாட்டுங்கள். பிளக்கிலிருந்து தொங்க விடாதீர்கள். பெட்டியின் எடை பிளக்கைக் கீழே இழுத்தால் மேல் பக்கத் தொடர்பு விலகி அங்கே சூடாகும். உருகிய சாக்கெட்டுகள் பலவற்றில் ஒரு ஓரம் மட்டும் கருகியிருப்பதற்கு இதுவே காரணம்.
4. ஆம்பியர் செட்டிங்கைக் கார் இணைக்கும் முன் பாருங்கள். பல பெட்டிகளில் இணைத்த பிறகு மாற்ற முடியாது. சிலவற்றில் மின்தடைக்குப் பின் மறுபடி அதிகபட்ச அளவுக்கே போய்விடும்.
5. பிறகு கன்னைக் காரில் செருகுங்கள். பூட்டும் சத்தம் கேட்க வேண்டும்.
6. எடுக்கும்போது தலைகீழாக: காரில் சார்ஜை நிறுத்தி, பூட்டைத் திறந்து, கன்னை எடுத்து, கடைசியில் சுவர் பிளக். கார் இழுத்துக்கொண்டிருக்கும்போது சுவர்ப் பிளக்கைப் பிடுங்கினால் தீப்பொறி பின்னையும் தகட்டையும் அரிக்கும். அரித்த இடம் அடுத்த நாள் இன்னும் சூடாகும்.

புது சாக்கெட்டில் முதல் தடவை சார்ஜ் போடும்போது அருகிலேயே இருங்கள். 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி நேரத்தில் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளம் சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். எம்சிபியின் முகத்தையும் அதேபோலப் பாருங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டாதீர்கள், தவறாகக் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ பிளாஸ்டிக்கிலோ காட்டுங்கள். கோடையின் வெப்பமான நாளில் இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

மழையில் சார்ஜ் போடலாம், கன்னும் காரின் சாக்கெட்டும் அதற்காகவே செய்யப்பட்டவை. நனையக் கூடாதது சுவர்ப் பிளக்கும், தரையில் தேங்கிய நீரில் கிடக்கும் பெட்டியும். இடி மின்னல் நெருங்கினால் சார்ஜை நிறுத்திக் கழற்றிவிடுங்கள். மெயின் போர்டில் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்புக் கருவி இல்லாத வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

சார்ஜ் ஏறாதபோது

சிவப்பு விளக்கு, எர்த் பிழை: இதே கேபிளை எர்த் நன்றாக உள்ள வேறு இடத்தில் செருகிப் பாருங்கள். அங்கே பச்சை வந்தால் கேபிளில் குறையில்லை, உங்கள் வீட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். சில பெட்டிகள் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் இதே பிழையைக் காட்டும். எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருவார்.

ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ மட்டும் எர்த் பிழை: அவற்றின் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் மிதப்பதால் பெட்டிக்கு எர்த் தெரிவதில்லை. இதைச் சரிசெய்வது முறையான இணைப்பு தெரிந்தவரின் வேலை. சதுர அலை இன்வெர்ட்டரில் காரை இணைக்கவே வேண்டாம்.

ஆர்சிசிபி உடனே விழுகிறது: கன்னைக் காரில் செருகும் முன்பே விழுந்தால் லைனிலோ பெட்டியிலோ கோளாறு, ஈரம் போயிருக்கலாம். காரில் செருகி ரிலே மூடிய நொடியில் விழுந்தால் காரின் பக்கம் சந்தேகம். வேறு சார்ஜிங் நிலையத்திலும் அப்படியே நடக்கிறதா என்று பார்த்துவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

எம்சிபி அரை மணி, ஒரு மணி கழித்து விழுகிறது: இது வெப்பத்தால் விழுவது. எம்சிபியின் ஸ்க்ரூ லூஸாக இருக்கலாம், போர்டு வெயிலில் இருக்கலாம், லைனில் வேறு சுமை சேர்ந்திருக்கலாம். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேகம் தானாகக் குறைகிறது: பிளக்கில் வெப்ப சென்சார் உள்ள பெட்டி சூட்டை உணர்ந்து ஆம்பியரைக் குறைத்திருக்கலாம். நல்ல எச்சரிக்கை அது, சாக்கெட்டை மாற்றுங்கள். பெட்டி நேரடி வெயிலில் கிடந்தாலும் குறையும். 80 சதவீதத்தைத் தாண்டியதும் குறைவது டிசி வேகச் சார்ஜில் இயல்பு. வீட்டு ஏசி சார்ஜில் கடைசிச் சில சதவீதத்தில்தான் அது தெரியும்.

கன் காரில் மாட்டிக்கொண்டது: காரைப் பூட்டித் திறந்து பாருங்கள். பிறகு கன்னைச் சற்று உள்ளே அழுத்திக்கொண்டே திறக்கச் செய்யுங்கள், பூட்டுக் கம்பியின் மேல் உள்ள அழுத்தம் குறையும். வராவிட்டால், பூட்டை விடுவிக்கும் அவசரக் கயிறு ஒன்று பல கார்களில் டிக்கியின் உள்பக்க மூடிக்குப் பின்னால் அல்லது பானெட்டுக்கு அடியில் இருக்கும். அது எங்கே என்று டெலிவரி நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் பயணத்தில்

தங்கும் இடத்து சாக்கெட்டை யாரும் உங்களுக்காகப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். அங்கே 6 அல்லது 8 ஆம்பியருக்கு மேல் வைக்காதீர்கள், முதல் அரை மணி நேரம் தொட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டாம் என்றே பெரும்பாலான கார் கையேடுகள் சொல்கின்றன, அதுதான் சரி. ஒரு இணைப்புக்குப் பதில் இரண்டு இணைப்பு, சூடாகும் இடமும் இரண்டு. வேறு வழியே இல்லாத அவசரத்தில் 2.5 சதுர மி.மீ. மூன்று ஒயர் உள்ள செப்புக் கேபிள் ஒன்று, 10 மீட்டருக்குள், முழுக்கப் பிரித்துப் போட்டு, 6 ஆம்பியரில். சுருளாக வைத்தபடி இழுத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உள் சுற்றுகள் உருகும். இணைப்பு தரையில் படாமல் இருக்கட்டும்.

காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் வி2எல் வசதி இருந்தால் அதைக் கருவிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இரு பக்கமும் பிளக் உள்ள ஒயரால் வீட்டு சாக்கெட்டில் செருகி வீட்டுக்கே மின்சாரம் கொடுக்க முயலக் கூடாது. தெருவில் லைன் வேலை செய்பவர் அந்த மின்சாரத்தால் சாகலாம். செருகாமல் கையில் இருக்கும் பிளக்கின் பின்களிலேயே 230 வோல்ட் நிற்கும்.

டெலிவரி நாளில் காரைப் பார்ப்பது

ஷோரூமில் பெயிண்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் சில விஷயங்களைச் சரிபாருங்கள். 17 எழுத்து சேஸிஸ் எண் காரிலும் காகிதங்களிலும் ஒன்றாக இருக்கிறதா, அந்த எண்ணுக்கு ரீகால் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். அடிப்படை மின் பாதுகாப்புக்குப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி எண் 100. அதன்படி டிசி உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 100 ஓம் காப்பு எதிர்ப்பு வேண்டும், 400 வோல்ட் காருக்கு 40,000 ஓம். டேஷ்போர்டில் ஐசோலேஷன் எச்சரிக்கை வந்தால் இந்தக் காப்பு குறைகிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை, அவற்றை நீங்களோ பக்கத்து மெக்கானிக்கோ தொட வேண்டாம். ஆக்சஸரி கடையில் லைட், ஹார்ன், கேமரா மாட்டும்போது இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மெதுவாகப் போகும்போது பாதசாரிகளுக்காகக் கார் எழுப்பும் செயற்கை ஒலியையும் கேட்டுப் பாருங்கள். ஐ.நா. விதி 138 அதை 20 கிலோமீட்டர் வேகம் வரை கேட்கிறது. ஒருவர் வெளியே நின்று கேட்க வேண்டும், உள்ளே தெரியாது. அந்த ஒலியை ஒயர் கழற்றி நிறுத்துவது கண் தெரியாதவர்களையும் குழந்தைகளையும் ஆபத்தில் தள்ளுவது.

டயர்க் காற்றையும் அளக்கச் சொல்லுங்கள். இடம் மாற்றும்போது அதிகக் காற்று அடித்து அனுப்புவது வழக்கம், அதைக் குறைக்காமலே சில கார்கள் கைக்கு வரும். பின்னால் டயர் மாற்றும்போது சுமை எண் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) குறைந்த டயர் போடாதீர்கள், பேட்டரியால் கார் கனமாக இருக்கிறது.

12 வோல்ட் பேட்டரி இந்தக் காரிலும் இருக்கிறது. அது தீர்ந்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் கார் எழாது, ஏனென்றால் பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் 12 வோல்ட்டில்தான் மூடுகிறது. சாலையில் நின்றுபோகும் மின்சாரக் கார்களில் பல இதனால்தான் நிற்கின்றன. மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கையேடு சொல்லும் முறைப்படி விடுங்கள், பெரிய பேட்டரி பாதியளவில் இருக்கட்டும். மற்ற காருக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க உங்கள் காரைப் பயன்படுத்தாதீர்கள். இழுக்க நேர்ந்தால் மோட்டார் இணைந்த சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது, மேடை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வாரம் ஒருமுறை போல 100 சதவீதம் ஏற்றச் சொல்கிறார்கள். அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பதால், முழுக்க ஏற்றினால்தான் கணினி சதவீதத்தைச் சரியாகக் கணக்கிட முடியும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) பேட்டரி என்றால் தினமும் 80 சதவீதம் போதும், நீண்ட பயணத்துக்கு முன் மட்டும் 100.

வெள்ளத்தில் மூழ்கிய கார் வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும் சார்ஜ் போடாதீர்கள், ஆன் செய்யாதீர்கள். பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர், குறிப்பாக உப்பு நீர், போயிருந்தால் நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ் மையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து புகையோ சீறும் சத்தமோ வந்தால் அணைப்பானை எடுத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள், அந்தப் புகை நச்சு. எல்லோரையும் இறக்கித் தள்ளிப் போய், தீயணைப்புத் துறைக்கு அழைக்கும்போது “மின்சாரக் கார்” என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மாடலையும் சொன்னால் மீட்புத் தாளைப் பார்த்து எந்த இடத்தில் வெட்டக் கூடாது என்று அவர்கள் தயாராக வருவார்கள்.